தலையோடு ஒரு படம்

பணி ஓய்வு பெற்ற மறுநாள் காலையிலேயே டிரைவர் ஒரு சபதம் எடுத்தார். சாவதற்குள் பெண்டாட்டியைத் தலையோடு ஒரு படம் எடுத்துவிட வேண்டும்!

சிரிக்காதீர்கள். முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர். பின்னால் வருகிற சைக்கிள்காரனின் மீசைகூட அவருக்குக் கண்ணாடியில் தெரியும். ஆனால் கையில் கேமரா ஏறிவிட்டால், என்ன மாயமோ, மனைவியின் கழுத்தோடு படம் முடிந்துவிடும். வீட்டு ஆல்பத்தில் அந்த அம்மாளின் புடவைகள் அத்தனையும் இருந்தன. முகம்தான் இல்லை.

"எல்லாம் என் தலையெழுத்து" என்பாள் அவள்.

"படத்துல தலையே இல்ல, எழுத்து எங்கேருந்து வந்துச்சு?" என்று ஒருமுறை கேட்டுவிட்டு இரண்டு வேளை பட்டினி கிடந்தார்.

கடைத்தெரு ஸ்டுடியோக்காரர் ஞாயிறுதோறும் வகுப்பு நடத்தினார். சேதி கொண்டுவந்தவள் மனைவி. டிரைவர் சேர்ந்தார்.

"படத்தை மனசுக்குள்ள மூணு பங்காப் பிரிங்க. ஆளை நட்டநடுவுல நிறுத்தாதீங்க. வெளிச்சம் பக்கவாட்டுல விழணும். எல்லாத்துக்கும் மேல, பின்னணி சுத்தமா இருக்கணும்" என்றார் ஸ்டுடியோக்காரர்.

டிரைவர் வீட்டுக்கு வந்து மனைவியை ஜன்னலோரம் உட்கார வைத்தார்.

"தலை தெரியுதா?" என்று கேட்டாள் அவள்.

"தெரியுது. ஆனா தலைக்கு மேல துண்டு தொங்குது. கொம்பு முளைச்ச மாதிரி இருக்கு."

"உள்ளதுதானே தெரியும்னு சொல்லாம விட்டீங்களே. சரி, துண்டை எடுத்துடுங்க."

துண்டை எடுத்தார். கொடியையும் அவிழ்த்தார். பின்னால் பழைய பேப்பர் அடுக்கு எட்டிப் பார்த்தது.

"பேப்பர் கண்ணை உறுத்துதே!"

"எனக்குப் பதினஞ்சு வருஷமா உறுத்துது."

மூன்று மாடி இறங்கிப் பேப்பரைப் போட்டுவிட்டு வந்தார். இப்போது சுவரில் பிசுக்கு தெரிந்தது. தேய்த்தார். அடுத்த வாரம் ஜன்னல் கண்ணாடியில் தூசி. வெளிச்சமே அழுக்காக வந்தது. கழுவினார். மனைவி ஒவ்வொரு முறையும் சமர்த்தாக வந்து உட்கார்ந்தாள். "பின்னணி பாருங்க" என்று மட்டும் நினைவூட்டினாள்.

நான்காவது வாரம் பரண் வழிமறித்தது. எந்தக் கோணத்தில் நின்றாலும் அதன் வயிறு பிதுங்கிக்கொண்டு படத்துக்குள் வந்தது. டிரைவர் ஏணி போட்டு ஏறினார். இரண்டு நாள் சாமான் இறக்கினார்.

கடைசியாக வந்த தகரப் பெட்டியில் ஒரு பழுப்பு உறை. அவர்கள் முதன்முதலில் குடியிருந்த ஒற்றை அறை வீட்டுப் படங்கள். கண்டக்டரிடம் கேமரா இரவல் வாங்கியது, முப்பத்தாறு படத்தையும் பார்த்துப் பார்த்துச் செலவழித்தது, கழுவி வர ஒரு வாரம் தவித்தது எல்லாம் அவருக்கு நினைவு வந்தது. இருவரும் தூசியிலேயே உட்கார்ந்துவிட்டார்கள்.

"இது நீதானே?"

"புடவையைப் பார்த்தா நான்தான்."

அடியில் ஒரு படம். காக்கிச் சட்டையோடு நாற்காலியில் ஒரு இளைஞன் தூங்குகிறான். நெஞ்சின் மேல் கைக்குழந்தை. பக்கத்து ஜன்னல் வெளிச்சம் இரண்டு முகத்திலும் விழுகிறது. ஆள் நடுவில் இல்லை. பின்னணியில் வெறும் வெள்ளைச் சுவர்.

"இதை யாரு எடுத்தா?"

"வேற யாரு? ஃபிலிம்ல ஒண்ணு மிச்சம் இருந்துச்சு."

"உனக்கு யாரு கத்துக் கொடுத்தா?"

"யாரு கொடுப்பா? கிட்ட வந்தா குழந்தை முழிச்சுக்கும். கதவோரமாவே நின்னு எடுத்தேன். நீங்க அன்னிக்கு ரெண்டு ஷிஃப்ட் ஓட்டிட்டு வந்திருந்தீங்க."

டிரைவர் எழுந்து கேமராவை எடுத்தார். "போய் முகம் கழுவிட்டு வா" என்றார்.

"எதுக்கு? இப்படியே எடுங்க."

கன்னத்தில் தூசியோடு ஜன்னலோரம் உட்கார்ந்து சிரித்தாள். எடுத்தார். தலை இருந்தது. உச்சி வகிட்டு நரை வரை இருந்தது. முப்பது வருஷத்தைச் சேர்த்துப் பார்ப்பதுபோல அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அப்போது எதிர்வீட்டுப் பெண் உள்ளே வந்தாள். டிரைவர் ஆசையாகக் கேமராவில் தெரிந்த படத்தை நீட்டினார். அவள் படத்தைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள், வாயைப் பிளந்தாள்.

"அக்கா, நீங்க சொன்ன மாதிரியே என் வீட்டுக்காரரையும் அந்த வகுப்புல சேர்த்துட்டேன். பரண் எத்தனாவது வாரம் வரும்?"