தொட்டிக்கு ரேகை பார்த்த கதை

முதலில் வந்தது சத்தம்தான். 'புஸ்ஸ்ஸ்' என்று நீளமாக ஒரு பெருமூச்சு. அப்புறம், தொண்டையில் என்னவோ மாட்டிக்கொண்டதுபோல இரண்டு செருமல். தெருக்குழாய் இப்படிச் செருமினால் பின்னாடியே தண்ணீர் வரும் என்று ஜேடர்பாளையத்துக்குப் பக்கத்திலுள்ள அந்த ஊரில் கைக்குழந்தைக்கும் தெரியும். தெருவிலிருந்த குடங்களெல்லாம் ஓடிவந்தன. குழாய் இன்னொரு தரம் செருமியது. அதோடு சரி.

"ஏஞ் சின்னண்ணா, வெறுங்காத்துத்தான் வருது. புடிச்சுட்டுப் போயி சைக்கிள் ட்யூபுக்கு அடிச்சுக்கலாமா?" என்று மயிலம்மாள் கேட்டது ஊர்க்கோடி வரைக்கும் கேட்டது.

சின்னண்ணன் ஊரின் டேங்க் ஆபரேட்டர். மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றுவது, தெருவாரியாக வால்வு திறந்துவிடுவது, மாதம் இருமுறை தொட்டிக்குள் இறங்கித் தேய்த்துக் கழுவி பிளீச்சிங் பவுடர் போடுவது ஆகிய மூன்றும் அவருடைய கடமைகள். முதல் இரண்டைத் தவறாமல் செய்துவந்தார். மூன்றாவதையும் செய்துவந்தார், தோன்றியபோது.

"மோட்டார் ஓடலீங்கக்கா."

"ஏன், கரண்டு இல்லியா?"

"கரண்டு இருக்குதுங்க. அனுமதிதான் இல்லீங்க."

அனுமதி எங்கே போனது என்பதைச் சொல்வதற்கு முன், சின்னண்ணனின் முதுகைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

தொட்டி கழுவுவதைப் படம்பிடித்து அனுப்ப வேண்டும் என்று சில வருஷங்களுக்கு முன்பு உத்தரவு வந்தது. அன்றைக்கு நல்ல வெயில். சின்னண்ணனும் நல்ல மனநிலையில் இருந்தார். சட்டையைக் கழற்றிப்போட்டு இறங்கித் தேய்த்தார். மீட்டர் ரீடிங் எடுக்க வந்த ஒரு புண்ணியவான் மேலே மூடி வழியாக எட்டிப்பார்த்து வீடியோ எடுத்துக் கொடுத்தார். வட்டமாக வெளிச்சம் விழ, நடுவில் வேர்வை மினுங்கும் ஒரு முதுகு குனிந்து குனிந்து நிமிர்ந்தது. பார்த்தவர்களுக்குத் தங்கள் வீட்டுப் பாத்திரத்தையே கழுவ வேண்டும் என்று தோன்றும். அலுவலகத்திலிருந்து 'நன்று' என்று பதில் வந்தது.

நன்று என்று சொல்லப்பட்ட ஒன்றை மாற்றுவது மரியாதையில்லை. அடுத்த மாதமும் அதையே அனுப்பினார். அதற்கும் 'நன்று'. ஆபரேட்டர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஆத்தூர்ப் பக்கத்து நண்பர் ஒருவர் கேட்டார், கொடுத்தார். எடப்பாடிப் பக்கத்து நண்பர் கேட்டார், அவருக்கும் கொடுத்தார். கேட்டவர்க்கு இல்லையென்று சொல்லிப் பழக்கமில்லாத மனுஷன். இப்படியாக, சுற்றுவட்டாரத்துத் தொட்டிகளையெல்லாம் ஒரே முதுகு கழுவி வந்தது. ஜனங்களும் தண்ணீர் குடித்து உயிரோடுதான் இருந்தார்கள்.

இந்த நிலையில்தான் சேலத்தில் 'மண்டல மின்காட்சிக் கோப்பு அடையாளத் தேடல் மற்றும் ஒப்புநோக்கு மையம்' என்று ஒன்று உதயமாயிற்று. மனிதனுக்குக் கைரேகை இருப்பதைப் போல ஒவ்வொரு வீடியோவுக்கும் ஒரு ரேகை உண்டு, கணினி அதைப் பார்த்துவிட்டு 'இது அசல், இது நகல்' என்று சொல்லிவிடும் என்றார்கள். அசல் என்று பச்சை விளக்கு எரிந்தால்தான் அந்த ஊர் மோட்டாருக்கு அனுமதி.

சின்னண்ணன் பயந்துபோய், உண்மையிலேயே தொட்டிக்குள் இறங்கி உண்மையிலேயே தேய்த்து, புதிதாக ஒரு வீடியோ எடுத்து அனுப்பினார். பதில் உடனே வந்தது. 'நகல். நிராகரிக்கப்பட்டது.'

பஸ் ஏறி சேலத்துக்கே போய்விட்டார்.

மையத்துக்குள் குளிர் நடுக்கியது. கணினிகளுக்கு வேர்க்கக் கூடாதாம். ஒப்புநோக்கு அலுவலர் தீனதயாளன் கழுத்தில் மப்ளரோடு உட்கார்ந்திருந்தார்.

"போன வாரந்தானுங்க எடுத்தேன். நெசமாவே எறங்கிக் கழுவுனனுங்க. இன்னும் முட்டி வலிக்குதுங்க."

"முட்டிவலியை இணைப்பாக ஏற்க வழியில்லை" என்று சொல்லிவிட்டு, தேடுபெட்டியில் 'முதுகு, தொட்டி' என்று தட்டினார்.

திரை முழுக்கச் சின்னண்ணன் முதுகு. ஒன்றில் இடவலம் மாற்றியிருந்தார்கள். ஒன்றில் நீலச்சாயம் ஏற்றியிருந்தார்கள். இன்னொன்றில் பின்னணியாகப் பக்திப் பாட்டு ஓடியது.

"எப்படித் திருப்பிப் போட்டாலும் எங்கள் கணினி கண்டுபிடித்துவிடும்" என்றார் தீனதயாளன் பெருமையாக. "இது ஆத்தூர் முதுகு. மற்றதெல்லாம் நகல்."

"அது என்ற முதுகுங்க."

"மையம் திறந்த அன்று எல்லோரையும் பழைய வீடியோவை மறுபடி ஏற்றச் சொன்னோம். முதலில் பதிவேறியது ஆத்தூரிலிருந்து. ஆகையால் மூல முதுகு ஆத்தூருக்கு உரியது."

"எங்கூர்ல அன்னைக்கு டவர் கிடைக்கலீங்க. அதுக்குள்ள அவன் ஏத்திப்போட்டான்."

"டவர் கிடைக்காததற்கு மையம் பொறுப்பல்ல."

சின்னண்ணன் வேறு வழி தெரியாமல் சட்டையைக் கழற்றித் திரும்பி நின்றார். தீனதயாளன் முகம் சுளிக்கவில்லை. நியாயமான மனிதர், விசாரிக்காமல் எதையும் தள்ளமாட்டார். முதுகைச் செல்போனில் பிடித்து ஏற்றினார். கணினி யோசித்தது. சிவப்பு விளக்கு எரிந்தது.

"'இந்த முதுகு ஏற்கெனவே சேகரிப்பில் உள்ளது.' பார்த்தீர்களா? நீங்கள் திரும்பத் திரும்ப இதையே காட்டினால் நாங்கள் என்ன செய்ய முடியும்?"

"அப்ப நான் ஆருங்க?"

"நீங்கள் கோப்பு அல்ல. உங்களைப் பற்றி மையத்துக்கு அபிப்பிராயம் ஏதும் இல்லை. சட்டையைப் போட்டுக்கொள்ளுங்கள், ஏசி காற்று."

"முதுகைக் காட்டாமயே எடுக்கறனுங்க. வெறுந்தொட்டிய மட்டும்."

"அதிலும் சிக்கல் உண்டு. சுத்தமான தொட்டி எல்லா ஊரிலும் ஒரேமாதிரி இருக்கிறது. கணினி குழம்புகிறது. கொஞ்சம் புதுமையாக எடுத்து அனுப்புங்களேன்."

ஊர் திரும்பியபோது ஜனங்கள் பைக்கில் குடம் கட்டிக் காவிரிக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். யாரும் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. வீட்டில் பொண்டாட்டி சாப்பாடு போட்டாள், பக்கத்தில் தண்ணீர்ச் சொம்பை மட்டும் காலியாக வைத்தாள். அதைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டு முடித்தார்.

புதுமைக்கு ஊரில் சுகன்யாதான் பேர்போனவள். கல்யாணத்துக்கு முன்னால் பெண்ணையும் மாப்பிள்ளையையும் காவிரியில் இடுப்பளவு தண்ணியில் நிறுத்தி, சளி பிடிக்கும்வரை படம் எடுக்கிறவள்.

"சித்தப்பா, உங்க வீடியோவுல எல்லாம் இருக்குதுங்க. கதைதான் இல்லை" என்றாள். "எங்கிட்ட உடுங்க."

மறுநாள் சின்னண்ணனுக்குப் பட்டு வேட்டி, கூலிங்கிளாஸ். தொட்டிக்குள் புகை விட்டார்கள். மூடி வழியாக ட்ரோன் இறங்கியது. பிளீச்சிங் பவுடரை அட்சதை மாதிரி மெதுவாகத் தூவச் சொன்னாள் சுகன்யா. காற்று மாறி அடித்ததில் எல்லோரும் இருமினார்கள், அதையும் மெதுவாகவே எடுத்தாள். ஏணியடியில் ஊரே கூடி நின்று கைதட்டியது. பஞ்சாயத்துத் தலைவர் கைலாசம் எங்கிருந்தோ ஒரு மாலையைப் போட்டுக்கொண்டு வந்து எல்லாக் காட்சியிலும் ஓரமாக நின்றார். இத்தனை வேலையில் தொட்டியைக் கழுவ நேரமில்லை. அதை யாரும் கவனிக்கவுமில்லை.

இந்தத் தடவை ஒரு மாதம் கழித்து வந்த மையத்தின் பதிலைச் சுகன்யா சத்தமாகப் படித்தாள். "'இது திருமணக் காணொளி என அடையாளம் காணப்பட்டுள்ளது. மணமகளின் வயதுச் சான்றிதழை இணைக்கவும்.'"

"மாப்பிள்ளை சின்னண்ணன், செரி" என்றாள் மயிலம்மாள். "மாலையப் போட்டுட்டு நின்னது கைலாசமல்லோ. பொண்ணுக்கு மீசை இருக்குதேன்னு கம்ப்யூட்டரு கேக்கலியா?"

கைலாசத்தைத் தவிர எல்லோரும் சிரித்தார்கள். சிரித்து முடித்துவிட்டு மறுபடியும் காவிரிக்குப் போனார்கள்.

சின்னண்ணனுக்கு அழுகை வருகிற மாதிரி ஒரு கோபம். நேரே தொட்டிமேல் ஏறி மூடியைத் திறந்தார். கழுவி ஒரு மாதத்துக்கு மேலாகியிருந்தது. அடியில் தேங்கிய தண்ணீரில் பச்சையாய்ப் பாசி, புறா இறகு, சுகன்யா தூவிய பிளாஸ்டிக் ரோஜா. சுவரெல்லாம் வழுவழுவென்று கொடி படர்ந்தது போலிருந்தது. 'இதையாச்சும் பாருங்கடா' என்று அத்தனையையும் சுற்றிச் சுற்றி எடுத்தார். புகாராக அனுப்பத்தான் நினைத்தார். ஆனால் செயலியில் புகாருக்குப் பொத்தான் கிடையாது. 'தூய்மைப் பணி' என்று ஒரே பொத்தான்தான். அதையே அமுக்கினார்.

பச்சை விளக்கு எரிந்தது.

'அசல். இத்தகைய காட்சி மையத்தின் சேகரிப்பில் இதற்கு முன் இடம்பெற்றதில்லை. பாராட்டுகள்.'

யோசித்துப் பார்த்தால் நியாயம்தான். இத்தனை வருஷத்தில் எத்தனையோ ஊரில் எத்தனையோ பேர் வீடியோ அனுப்பியிருக்கிறார்கள். அழுக்குத் தொட்டியை யார் அனுப்பியிருப்பார்? கீழே மோட்டார் தானாகவே ஓட ஆரம்பித்தது.

தண்ணீர் வந்தது. குடங்களில் விழுந்தபோது லேசாகப் பச்சையாகத் தெரிந்தது.

"நெறம் ஒரு மாதிரி இருக்குதுங்களே" என்றாள் சுகன்யா.

"தண்ணின்னா நெறம் இருக்கத்தான் செய்யும்" என்றார் கைலாசம். "இது அரசாங்கமே அசல்னு சொன்ன தண்ணி."

அன்று சாயங்காலம் சின்னண்ணன் பிரஷ்ஷும் வாளியுமாக ஏணிக்கு வந்தார். ஏணியின் கீழ்ப்படியில் கைலாசம் உட்கார்ந்திருந்தார்.

"எங்கே போறே?"

"கழுவிப்போடறனுங்க. பாக்கவே கொமட்டுது."

"கழுவிப்போட்டு அடுத்த மாசம் எதைக் காட்டுவே? உன்ற முதுகையா?"

மறுநாளே கூட்டம் போட்டு, தொட்டிப் பாசிக்குச் சேதம் விளைவிப்போர் மீது நடவடிக்கை எடுக்கப்படும் என்று ஏகமனதாகத் தீர்மானம் போட்டார்கள். கைதூக்கியவர்களில் சின்னண்ணனும் ஒருவர். எல்லோரும் தூக்கும்போது ஒரு கை மட்டும் கீழே இருந்தால் பார்க்க நன்றாக இருக்காது.

சங்கதி பரவியது. ஆத்தூரிலிருந்தும் எடப்பாடியிலிருந்தும் யாரும் இப்போது வீடியோ கேட்டு அழைக்கவில்லை. தேவை என்ன? சுத்தம் எங்கும் ஒன்றுபோல இருக்கும். அழுக்கு ஊருக்கு ஊர் வேறு. மாதத்துக்கு மாதமும் வேறு. மண்டலம் முழுவதும் பச்சை விளக்காக எரிந்தது. நகல் அறவே ஒழிந்துவிட்டதாகத் தீனதயாளன் அறிக்கை அனுப்பினார்.

ஊரில் பாதிப்பேருக்கு வயிறு சரியில்லை. யாரும் தண்ணீரைச் சொல்லவில்லை. சிலர் கறிக்கடையைச் சொன்னார்கள், சிலர் பரோட்டாவைச் சொன்னார்கள். வசதியுள்ளவர்கள் கேன் தண்ணீர் வாங்கினார்கள். மற்றவர்கள் குழாய் வாயில் வேட்டித்துணியை நாலாக மடித்துக் கட்டினார்கள்.

அந்த ஊருக்கு 'அசல் கிராமம்' விருது என்று அறிவிப்பு வந்தது. விழா சேலத்தில். வேன் பிடித்துக்கொண்டு ஊரே கிளம்பியது. மேடையில் வைக்க மூடி உடைக்காத தண்ணீர் பாட்டில்களைக் கைலாசமே வாங்கி எடுத்துக்கொண்டார். வேனின் முன்சீட்டைச் சின்னண்ணனுக்கு ஒதுக்கியிருந்தார்கள்.

"முட்டி மடக்க முடியலீங்க, நீங்க போயிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டார்.

வேன் திருப்பம் தாண்டும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். தொட்டித் தண்ணீரை வடியவிட்டார். செல்போனை மோட்டார் அறையில் வைத்துக் கதவைச் சாத்தினார். பிரஷ், வாளி, பிளீச்சிங் பவுடர். ஒவ்வொரு படியாக நின்று நின்று ஏறி மூடியைத் திறந்து உள்ளே இறங்கினார்.

கொஞ்ச நேரத்தில் கீழேயிருந்து மயிலம்மாளின் குரல் கேட்டது. வயிறு சரியில்லாமல் வேனில் ஏறாதவள்.

"ஏஞ் சின்னண்ணா, மேல என்ன பண்றே?"

"சும்மாதானுங்கக்கா."

பிளீச்சிங் வாசனை கீழே வரை போயிருக்க வேண்டும்.

"வடபக்கத்தை மட்டும் உட்டுரு சாமி" என்றாள். "அடுத்த மாச வீடியோவுக்கு வேணுமல்லோ."

"செரிங்கக்கா."

சின்னண்ணன் தென்பக்கமாகத் திரும்பி உட்கார்ந்து, பிரஷ்ஷை வாளியில் நனைத்து, தேய்க்க ஆரம்பித்தார்.