ஆகாசமா, மின்மினியா

ஒரு காட்டில், மலையுச்சியில் செல்போன் கோபுரம் நட்ட மூன்றாவது கோடையில், வெள்ளியங்கிரி என்றொரு முயல் தன் மனைவி ருக்குமணியோடும் ஆறு குட்டிகளோடும் ஒரு புதரடியில் குடியிருந்தான்.

அந்த வருஷம் ஓடைகள் எல்லாம் வறண்டு, ஒரே ஒரு ஊற்றுதான் மிஞ்சியது. அதற்கும் அடிதடி. முண்டியடித்ததில் இரண்டு மான்களுக்குக் கொம்பு உடைந்தது. காட்டுத் தலைவரான யானை உத்தரவு போட்டுவிட்டார்: இனிமேல் டோக்கன் இருந்தால்தான் தண்ணீர். டோக்கன் செல்போனில்தான் வரும். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் போன் வாங்கிப் பெயரைப் பதியாதவர்கள், லாரி பறக்கும் நெடுஞ்சாலையைத் தாண்டி அடுத்த காட்டில் போய்த் தண்ணீர் தேடிக்கொள்ளலாம்.

நரி நாச்சிமுத்து ஆலமரத்தடியில் போன் கடை திறந்தான். பத்தே நாளில் காடு முழுக்க வாங்கிவிட்டது. காட்டுப்பன்றி உள்ளே நுழைந்து, முதலில் மூக்கில் இடித்த போனை வாங்கிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் போனது.

வெள்ளியங்கிரி அப்படிக் கண்ணை மூடிக்கொண்டு வாங்குகிறவன் இல்லை. கடையில் இருந்தவற்றில் இரண்டைத் தேர்ந்தெடுத்து வைத்திருந்தான். ஒன்று மின்மினி. ஆறு அங்குலத் திரை, கைக்கு அடக்கம், சொரசொரப்பான முதுகு, வழுக்காது. இன்னொன்று ஆகாசம். ஏழு அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவு, ஓரமெல்லாம் வளைந்து வழிந்த கண்ணாடி. கேமரா மட்டும் முதுகில் கொப்புளம் மாதிரிப் புடைத்துக்கொண்டு, பாறையில் வைத்தால் போன் ஆடியது.

ஒரு தேக்கிலையில் நகத்தால் கோடு போட்டு, இந்தப் பக்கம் இது, அந்தப் பக்கம் அது என்று எழுதினான். இலை நிறைந்ததும் இன்னொரு இலை பறித்தான். இரண்டையும் வெயிலில் வைத்துப் பார்த்தான், நிழலில் வைத்துப் பார்த்தான், தலைகீழாகப் படுத்துக்கொண்டும் பார்த்தான். ஆகாசத்தில் அருகம்புல் படம் ஒன்று இருந்தது. அது புல்லைவிடப் பச்சை. அதைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனவனுக்கு இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை.

"ஏனுங்க, புல்லுல என்ன குறை?" என்றாள் ருக்குமணி.

"நிறம் பத்தலை."

ருக்குமணியும் குட்டிகளும் விடியற்காலையில் இலைகளில் தேங்கிய பனியை நக்கிப் பொழுதை ஓட்டிக்கொண்டிருந்தார்கள். கடைசிக் குட்டிக்கு நாக்கு வெடித்திருந்தது. வியாழக்கிழமை அவள் பொறுமை தீர்ந்தது.

"நாளைக்கு அஞ்சு மணியோட கெடு முடியுதுங்க. கையில போனோட வந்தா வாங்க. இல்லைன்னா இதுகளைக் கூட்டிக்கிட்டு நான் ரோட்டைத் தாண்டிப் போயிருப்பேன். லாரிக்காரன் நிறுத்தினா பொழைச்சோம்."

அன்றைக்கு வெள்ளியங்கிரி சரியாகத் தூங்கவில்லை. காலையில் தேக்கிலைகளைச் சுருட்டிக்கொண்டு, இன்றைக்கு இரண்டில் ஒன்று என்று கிளம்பினான்.

பாதி வழியில் முதுகில் ஏதோ பொத்தென்று விழுந்தது. சிறுத்தை துரைசாமியின் கால். நான்கு நாளாக இரை கிடைக்காதவர். விலா எலும்பை எண்ணலாம்.

"அசையாதே," என்றார் துரைசாமி. "சாப்பிடறதுக்கு முந்தி ஒரு போட்டோ எடுத்துக்கறேன். எல்லாரும் போடறாங்க."

ஒரு காலால் முயலை அமுக்கிக்கொண்டு, மற்றொரு காலால் போனைத் தூக்கிப் பிடித்தார். "கொஞ்சம் சிரி."

வெள்ளியங்கிரி ருக்குமணியை நினைத்தான், குட்டிகளை நினைத்தான். பிறகு அண்ணாந்து பார்த்தான். துரைசாமியின் காலில் இருந்தது ஆகாசம். அதுவும் போன வருஷத்து ஆகாசம். உயிர் போகிற நேரத்திலும் அவனால் சும்மா இருக்க முடியவில்லை.

"அய்யய்யோ, இதையா வாங்கினீங்க?"

போன் கீழே இறங்கியது. "ஏன்? இதுக்கு என்ன?"

"ஒண்ணுமில்லீங்க. வாங்கிட்டீங்க. விடுங்க."

"சொல்லுடா!"

"உங்க போட்டோ ஒண்ணைத் திறங்க. பாத்தீங்களா? உங்க மஞ்சளு இதுல செவப்பாத் தெரியுது. பொட்டெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக் கோடாயிருச்சு. பாக்கறவங்க உங்களைப் புலின்னு நினைச்சுக்குவாங்க."

துரைசாமிக்குப் புலி என்றால் ஆகாது. பரம்பரைப் பகை. படத்தைப் பெரிதாக்கிப் பார்க்க இரண்டு முன்னங்கால்களும் தேவைப்பட்டன. வெள்ளியங்கிரியின் முதுகிலிருந்து பாரம் நீங்கியது.

வேறு எந்த முயலாக இருந்தாலும் அந்த நொடியே ஓட்டம் பிடித்திருக்கும். வெள்ளியங்கிரி எழுந்து, மண்ணைத் தட்டிக்கொண்டு, துரைசாமியின் தோளுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "வெயில்ல காட்டுங்க. ஹும். ஓரத்துல வளைவு வேற. உங்க நகம் பட்டாலே தானா அழுந்துமே?"

"ஆமாப்பா!" என்றார் துரைசாமி. "நேத்து என்னையறியாம மூணு பேருக்குப் போன் போயிருச்சு."

இருவரும் கடைக்குப் போனார்கள். சிறுத்தையைக் கண்டதும் நாச்சிமுத்து மரத்தில் ஏறப் பார்த்தான், நரியால் முடியவில்லை.

"பிரிச்ச பெட்டியை மாத்த முடியாதுங்க சாமி."

"மாத்த வேண்டாம். புதுசாவே பாக்கறேன். எடுத்து வை."

எடுத்து வைத்தான். துரைசாமி மின்மினியைக் கையில் எடுத்தார். சின்னது. புது ஆகாசத்தை எடுத்தார். பெரியது. வெயிலுக்குக் கொண்டுபோனார், நிழலுக்கு வந்தார். வெள்ளியங்கிரி தேக்கிலைகளை விரித்து வாசிக்க, அவர் தலையாட்டிக்கொண்டே கேட்டார். பசி மறந்தது. மதியம் போனது. கடைக்கு வந்த மான் ஒன்று அவர் வாலை மிதித்துக்கொண்டு போனது. "கொஞ்சம் தள்ளிப் போம்மா, வெளிச்சம் மறைக்குது," என்றார்.

நாலே முக்காலுக்கு ருக்குமணி ஆறு குட்டிகளோடு நெடுஞ்சாலைக்குப் போகிற வழியில் கடையைத் தாண்டினாள். புருஷனும் சிறுத்தையும் ஒரே திரைக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்தாள். பயத்தைவிடக் கோபம் அதிகமாக வந்தது.

"அஞ்சே நிமிஷம், ருக்கு," என்றான் வெள்ளியங்கிரி, தலையைத் தூக்காமல்.

அவள் நேராக நாச்சிமுத்துவிடம் போனாள். மூலையில் கிடந்த ஒன்றைக் காட்டினாள். "இதுல டோக்கன் வருமா?"

"வருமுங்க. ஆனா திரை சின்னது, நிறமும் மங்கலு..."

"டோக்கன் வருமா, வராதா?"

"வரும்."

பெயரைப் பதிந்தாள். மணி நாலு ஐம்பத்தாறு. குட்டிகளை ஊற்றுக்கு ஓட்டிக்கொண்டு போனாள். கடைசிக் குட்டி வயிறு உப்பும்வரை குடித்துவிட்டு, கரையிலேயே தூங்கிப்போனது.

துரைசாமி அன்றைக்கு வாங்கவில்லை. மறுநாளும் வந்தார். ஒன்பது நாள் வந்தார். அந்த ஒன்பது நாளும் காட்டில் ஓர் உயிர்கூடப் போகவில்லை. யானை வெள்ளியங்கிரியைக் கூப்பிட்டு எல்லார் முன்னிலையிலும் மாலை போட்டு, மாமிசம் தின்பவர்களுக்கான போன் ஆலோசகர் என்று பட்டமும் கொடுத்தார்.

பத்தாம் நாள்தான் விபரீதம் நடந்தது. துரைசாமி மின்மினியை வாங்கிவிட்டார். பெட்டியோடு, முகம் மலர, நிம்மதியாக வெளியே வந்தார். வந்தவருக்கு நல்ல பசி. சுற்றிலும் பார்த்தார். மான்கள் உறைந்து நின்றன. யானையே இரண்டடி பின்வாங்கினார்.

வெள்ளியங்கிரி ஒரு புல்லை மென்றபடி அவர் பக்கம் நடந்து போனான்.

"நல்லதுங்க, வாங்கிட்டீங்க," என்றான். "ஆனி மாசம் புது மின்மினி வருதாமே, அதே கைக்கு அடக்கம், ஆகாசத்தோட திரையாம். கேள்விப்படலையா?"

துரைசாமி கையிலிருந்த பெட்டியைப் பார்த்தார். முயலைப் பார்த்தார். பிரிக்காத பெட்டியைத் திரும்பக் கொண்டுபோய் மேசைமேல் வைத்துவிட்டு, பெஞ்சில் உட்கார்ந்தார்.

நீதி: உங்களைத் தின்ன வருகிறவரிடம் உயிர்ப்பிச்சை கேட்டு நேரத்தை வீணாக்காதீர்கள், அடுத்த மாதம் வரப்போகும் மாடலைப் பற்றிச் சொல்லுங்கள். உங்களுக்குத் தாகம் எடுத்தால் மட்டும் மனைவியை அனுப்புங்கள்.