சகலையின் கேமரா

“கொஞ்சம் குனிங்க சகலை, கொக்கு மறையுது.”

கொத்தனார் குனிந்தார். கோடை விடுமுறைக்கு இரண்டு குடும்பமும் சேர்ந்து வாடகைப் படகு எடுத்த இரண்டாம் நாள் அது. சகலையின் கேமராவுக்குக் குனிந்தே அவருக்குக் கழுத்து சுளுக்கிவிட்டது.

“என் தங்கச்சி புருஷன் கையில என்ன நிதானம் பாருங்க! நீங்களும் இருக்கீங்களே,” என்றாள் அவர் மனைவி.

மட்டப்பலகை பிடித்து மாடி மாடியாய்ச் சுவர் எழுப்பிய கை அவருடையது. அதை அவள் ஒருநாளும் நிதானம் என்று சொன்னதில்லை. இந்த ஊர்சுற்றலில் தன்னைப் பற்றியும் ஒரு நல்ல வார்த்தை சொல்லமாட்டாளா என்று ஏங்கியவருக்கு வயிறு பற்றி எரிந்தது.

“எடுத்ததைத்தான் காட்டுங்களேன்.”

“சின்னதுல பார்த்தா அழகு கெட்டுரும் சகலை. வீட்டு டிவியில போட்டுப் பார்ப்போம்.”

சாப்பிட்டுவிட்டுச் சகலை கண்ணயர்ந்தார். கொத்தனார் கேமராவின் அடிமூடியைத் திறந்து, பேட்டரியை உருவிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். திறக்கும் வித்தையைப் பெருமையடித்துக் கற்றுக்கொடுத்ததே சகலைதான்.

சற்று நேரத்தில் படகோரம் டால்பின்கள் துள்ளின. மச்சினி அலறினாள், “எழுந்திருங்க, எடுங்க!”

சகலை துள்ளி எழுந்து, இன்ஜின் இரைச்சலுக்கு நடுவே அழுத்து அழுத்தென்று அழுத்தினார். “அடிச்சேன் பாரு! வால் நுனி வரைக்கும் விழுந்துருச்சு!”

கொத்தனார் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தார். பேட்டரி இருந்தது.

“சரியா விழுந்துச்சா சகலை?”

“கண்ணு சிமிட்டுறதுகூட விழுந்திருக்கு!”

“அதுக்கெல்லாம் கை வேணும்,” என்றாள் கொத்தனாரின் மனைவி.

திருடனுக்குத் தேள் கொட்டிய கதைதான். உள்ளே பேட்டரியே இல்லை என்று சொன்னால், உனக்கெப்படித் தெரியும் என்பார்கள். சொல்லாவிட்டால், வீட்டில் டிவி வெறுமையாய் விழிக்கும்போது எல்லார் கண்ணும் தன் மேல்தான் திரும்பும். சகலை கேமராவைப் பைக்குள் வைத்துவிட்டு டால்பின் பக்கம் திரும்பினார். திருப்பி வைத்துவிடுவோம் என்று கொத்தனார் கேமராப் பையை நோக்கிக் குனிந்தார். படகு ஒரு குலுக்குக் குலுக்க, சட்டைப்பையிலிருந்து பேட்டரி நழுவிக் கடலில் விழுந்தது. யோசிக்காமல் பின்னாலேயே அவரும் குதித்தார்.

“ஐயோ, டால்பினைப் பிடிக்கக் குதிச்சுட்டாரே!” என்று மனைவி கத்தினாள்.

படகோட்டிதான் அவரைச் சட்டையைப் பிடித்து மேலே இழுத்துப் போட்டார்.

“பேட்டரி...” என்று உப்புத் தண்ணீரைத் துப்பினார் கொத்தனார்.

படகோட்டி அவர் காதருகே குனிந்தார். “அதுக்கா குதிச்சீங்க மேஸ்திரி? அது நேத்துக் காலையிலேயே செத்துப்போச்சு. என்கிட்டதான் ரகசியமா சார்ஜர் கேட்டாரு. மறந்துட்டு வந்தது உங்களுக்குத் தெரிஞ்சா மானம் போயிடும்னு, மனுஷன் ரெண்டு நாளா சும்மாதான் அழுத்திக்கிட்டு இருக்காரு!”