கண்டுபிடிப்பாளனுக்கு அங்கீகாரம் கோரிய கூட்டம்

மனித அறிவின் வரலாற்றை எழுதப்போகும் பெரியோர்கள், ஹவானாவில் தாயமியின் சமையலறையில், மின்சாரம் போன ஒரு பிற்பகலில் நடந்த கூட்டத்துக்குத் தனி அத்தியாயம் ஒதுக்கியே தீர வேண்டும். அன்றுதான் வட்டாரக் கற்பனை விளையாட்டுக் கழகம் 'கண்டுபிடிப்பாளன்' என்ற புதுப் பாத்திர வகையை ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது.

விளையாட்டு எளியது. மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, ஒருவர் வீரன், ஒருவர் மந்திரவாதி என்று வேடம் ஏற்று, பகடை உருட்டி, இல்லாத பூதங்களோடு சண்டை போட வேண்டும். ஜெயிக்க ஜெயிக்கப் படி ஏறலாம். படிக்கொரு புது வல்லமை. ஓஸ்மெலின் மந்திரவாதியைப் போன வாரம் ஒரு டிராகன் விழுங்கிவிட்டது. அன்றிலிருந்து அவன் மற்றவர்களுக்குக் காப்பி போடும் பதவி வகிக்கிறான். அவன் உருவாக்கிய கண்டுபிடிப்பாளனுக்கு அங்கீகாரம் கிடைத்தால் ஆட்டத்துக்குத் திரும்பலாம். இல்லாவிட்டால் ஆயுள் முழுக்கக் காப்பிதான், அதுவும் ரேஷனில் கிடைக்கும், பாதிக்குப் பாதி வறுத்த பட்டாணி கலந்தது.

கலாசார அலுவலகத்தின் சார்பில் தோழர் எவரிஸ்தோ வந்திருந்தார். 'நம் மக்களின் வற்றாத கண்டுபிடிப்பு ஆற்றல்' பற்றி அவர் ஆற்றிய தொடக்க உரை எல்லோரையும் வியர்க்க வைத்தது. மின்விசிறி ஓடாததும் ஒரு காரணம்.

விதி ஒன்றுதான். பாத்திரத்தின் வல்லமை சாதாரண மனிதனால் முடியாததாக இருக்க வேண்டும்.

ஓஸ்மெல் தொண்டையைச் செருமிக்கொண்டு தாளைப் பிரித்தான். முதல் படியில் கண்டுபிடிப்பாளன், பழுதான வாஷிங் மெஷினின் மோட்டாரைக் கழற்றி ஃபேன் செய்வான்.

"இதெல்லாம் ஒரு வல்லமையாடா?" என்றாள் ஆட்டத்தை நடத்தும் தாயமி. "எங்க சித்தி அதுல தேங்காயே துருவுறா."

அடுத்த படியில், தீர்ந்தால் தூக்கியெறிய வேண்டிய லைட்டருக்கு அடியில் ஓட்டை போட்டு மறுபடி நிரப்புவான். வீரனாக ஆடும் ரெய்னியர் தன் லைட்டரை எடுத்து மேஜைமேல் வைத்தான். அது அவன் அப்பா காலத்தது. கேன்டீன் தட்டில் டிவி ஆன்டெனா செய்வது பெரிய படி என்று ஓஸ்மெல் சொன்னபோது, எல்லோரும் ஜன்னல் வழியாக எதிர் மாடிகளைப் பார்த்தார்கள். படகு எஞ்சினைக் காரில் பொருத்துவது? தோழர் எவரிஸ்தோ வந்ததே அப்படி ஒரு டாக்சியில்தான்.

"தம்பி, நீ சொல்றது பாத்திரம் இல்ல, பக்கத்து வீட்டுக்காரன்," என்று மிகுந்த வருத்தத்தோடு தீர்ப்பளித்தார் அவர். "மனுஷனால முடியாதது ஏதாச்சும் இருந்தா சொல்லு."

ஓஸ்மெலுக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது. தாளை மடித்துப் பையில் திணித்துவிட்டு, வாய்க்கு வந்ததைச் சொன்னான்.

"கடைசிப் படி. அவனுக்கு ஒரு ஸ்க்ரூ வேணும். கடைக்குப் போறான். கடை தொறந்திருக்கு. ஸ்க்ரூ இருக்கு. வாங்கிட்டு வந்துடறான்."

எல்லோருடைய நாற்காலியும் மேஜையை நோக்கி நகர்ந்தது.

"கடை வாசல்ல வரிசை?" என்று கேட்டான் ரெய்னியர்.

"இல்ல."

"அவன் கேட்ட அதே அளவா?" தாயமியின் குரல் தாழ்ந்துவிட்டது.

"அதே அளவு."

கழகம் கொதித்தெழுந்தது. இப்படி ஒருவனை உள்ளே விட்டால் ஆட்டத்தின் சமநிலை என்னாவது என்று வாதாடினாள் தாயமி. கற்பனைக்கும் ஒரு வரம்பு வேண்டாமா என்று கேட்டான், போன ஆட்டத்தில் செத்துப் பிழைத்து வந்து டிராகனின் தலையை வெட்டிய ரெய்னியர். வாழ்நாளில் ஒரு முறை, அதுவும் பௌர்ணமியில் மட்டும் என்று கட்டுப்படுத்தலாமா என்றுகூட யோசனை எழுந்தது.

எவரிஸ்தோ கையை உயர்த்தினார். மக்களின் கண்டுபிடிப்பு ஆற்றலுக்கு ஆண்டுதோறும் பாராட்டுப் பத்திரம் வழங்கி வழங்கிப் பழகிய கை அது.

"எல்லாம் சரி, தம்பி. தேடிப் போனது கடையிலயே கெடைச்சுட்டா, அப்புறம் உன் கண்டுபிடிப்பாளன் எதுக்கு?"

"தேவையே இல்ல, தோழர்," என்றான் ஓஸ்மெல். "அதனாலதான் அது கடைசிப் படி."