நூற்றெட்டுத் தோப்புக்கரணமும் ஒரு மாலை மாற்றலும்

நாற்பது வயதுக்கு மேல் ஜிம்மில் சேருகிற ஆண்களில் பாதிப் பேர் டாக்டருக்குப் பயந்து சேருகிறார்கள். மீதிப் பேர் கண்ணாடிக்குப் பயந்து. சம்பந்தி வீட்டுக்குப் பயந்து சேர்ந்த ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

ஆறு வருஷத்துக்கு முன் என் அக்கா மகள் ரஞ்சனிக்கு ஸ்ரீரங்கத்தில் கல்யாணம் நிச்சயமானது. எங்கள் ஐயங்கார் கல்யாணங்களில் மாலை மாற்றும்போது பெண்ணை அவளுடைய தாய்மாமன் தோளில் தூக்கிக்கொள்ள வேண்டும். மாப்பிள்ளையை அவனுடைய மாமா. அக்காவுக்கு நான் ஒரே தம்பி. இருபது வருஷமாக ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்து, உட்காருவதில் மட்டும் நல்ல தேர்ச்சி பெற்றிருந்தேன்.

"டேய், உன்னால முடியலேன்னா இப்பவே சொல்லிடு. பெரியப்பா பிள்ளை ராஜு இருக்கான், நன்னா வாட்டசாட்டமா. அவன் தூக்கட்டும்" என்றாள் அக்கா.

எனக்குச் சுருக்கென்றது. சின்ன வயதில் வைகுண்ட ஏகாதசிக் கூட்டத்தில் ரஞ்சனி பெருமாளைச் சேவித்ததெல்லாம் என் தோளில் உட்கார்ந்துதான். அந்தத் தோளை ராஜுவுக்கு விட்டுக்கொடுப்பதா? (ராஜு அப்போது அந்தக் கூட்டத்தில் பொரி தின்றுகொண்டிருந்தான்.) மறுநாளே சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு மாடி ஜிம்மில் சேர்ந்துவிட்டேன்.

பயிற்சியாளர் ரியாஸ் பொறுமைசாலி. மூன்று மாதத்தில் என்னை உட்கார்ந்து எழ வைத்தார். ரஞ்சனி படித்தது பிசியோதெரபி. அவள் மட்டும் அவ்வப்போது எச்சரித்தாள்: "மாமா, தூக்கறது தோளா இருந்தாலும் நிக்கறது கால்தான். தொடையும் கெண்டைக்காலும் களைச்சுப்போனா, கால் எங்க இருக்குன்னு மூளைக்குச் சரியா சேதி போகாது. உடம்பு ஆட ஆரம்பிச்சுடும்."

"என் காலைப் பத்தி எனக்கே பாடமா?" என்று சிரித்தேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தாலும் என் கன்னத்தில் நானே போட்டுக்கொள்ளத் தோன்றுகிறது.

கல்யாணத்துக்கு முதல் நாள் காலை, அக்கா ஒரு குண்டைத் தூக்கிப் போட்டாள். மாப்பிள்ளையைத் தூக்கப்போகிறவர் ஸ்ரீபாதந்தாங்கியாம். அதாவது, உற்சவத்தில் பெருமாளைத் தோளில் சுமந்து வீதி சுற்றுகிறவர். பெருமாளையே சுமப்பவருக்கு மாப்பிள்ளை எம்மாத்திரம்? நேரே ஜிம்முக்கு ஓடினேன்.

ரியாஸ் வாசலிலேயே மறித்தார். "சார், ரெண்டு நாள் முன்னாடியே நிறுத்தச் சொன்னேன்ல? இன்னைக்கு உங்க காலைப் போட்டு வாட்டினீங்கன்னா நாளைக்கு அது உங்க பேச்சைக் கேக்காது. வீட்டுக்குப் போய்ப் படுங்க சார்."

நான் படுக்கவில்லை. கோபத்தோடு நடந்து மலைக்கோட்டை ஏறினேன். உச்சிக்குப் போய், பிள்ளையார் எதிரில் நூற்றெட்டுத் தோப்புக்கரணம் போட்டேன். (ஸ்ரீரங்கத்து ஐயங்கார் பிள்ளையாரிடம் போவதா என்று கேட்பவர்களுக்கு: நான் பக்தியால் போடவில்லை, உடற்பயிற்சியாகத்தான் போட்டேன். காதைப் பிடித்துக்கொண்டது சும்மா ஒரு மரியாதைக்கு.) இறங்கும்போது முழங்கால் ஒவ்வொரு படியிலும் யோசித்துத்தான் மடங்கியது. "பலம் ஏறுகிறது" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் காலை மண்டப வாசலில் நாதஸ்வரம் முழங்க, ரஞ்சனி என் தோளில் ஏறி உட்கார்ந்தாள். எழுந்தேன். பத்து விநாடி கம்பீரமாகத்தான் நின்றேன். அப்புறம் வலது தொடை தானாக நடுங்க ஆரம்பித்தது. உடம்பு முன்னால் சாய்ந்தது. விழாமலிருக்க ஓர் அடி வைத்தேன். உடனே பின்னால் போனது. அப்புறம் இடது பக்கம். மாப்பிள்ளை வீசிய மாலை வீடியோக்காரர் கழுத்தில் விழுந்தது.

"சபாஷ்! பொண்ணாத்து மாமா எப்படிப் போக்குக் காட்டறார் பாருங்கோ!" என்று கூட்டம் கைதட்டியது.

அங்கேதான் மாட்டிக்கொண்டேன். மாலை சுலபமாக விழாதபடி மாமா நகர்ந்து நகர்ந்து வம்பு செய்வது எங்கள் வழக்கம். நான் நிற்க முடியாமல் தள்ளாடுவதை எல்லோரும் ரசித்தார்களே தவிர, தாங்கிப் பிடிக்க ஒரு மனுஷன் வரவில்லை.

ரஞ்சனி சிரித்த முகம் மாறாமல் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள். "மாமா, கால் நடுங்கறதா?"

"இல்லையே."

"பொய் சொல்லாதே. நடுக்கம் என் ஜிமிக்கி வரைக்கும் வந்தாச்சு. நேத்து என்ன பண்ணினே?"

"தோப்புக்கரணம்."

"எத்தனை?"

"நூத்தெட்டு."

"அட ராமா!"

நான் கண்ணை மூடி ரங்கநாதனைக் கூப்பிட்டேன். அதுதான் தப்பு. கண்ணை மூடியதும் பூமி எந்தப் பக்கம் இருக்கிறது என்றே தெரியவில்லை.

"கண்ணைத் திற! காலை அகட்டி வெச்சுக்கோ. எதிர்ல அசையாம இருக்கற எதையாவது பாரு!" என்று மேலிருந்து உத்தரவு வந்தது.

அந்த இடத்தில் அசையாமல் இருந்தது மாப்பிள்ளையின் மாமா ஒருவர்தான். அவரையே வெறித்துப் பார்த்தேன்.

"என்ன இது, முறைக்க வேற செய்யறார்!" என்றாள் மாப்பிள்ளையின் அத்தை. "விளையாட்டுக்கும் ஒரு அளவு வேண்டாமா? மூணு தடவை எங்காத்துப் பிள்ளை மாலையைப் போட வந்தாச்சு."

சிரிப்பு நின்றுபோனது. அக்கா முகம் வெளுத்துவிட்டது. எனக்கோ கௌரவம், ராஜு எல்லாம் மறந்துபோய் ஒரே ஒரு பயம்தான் பாக்கி: குழந்தையைக் கீழே போட்டுவிடப் போகிறேன். கண்ணில் தண்ணீர் முட்டியது. "ரஞ்சு, முடியலைடீ" என்றேன்.

"பரவாயில்லை மாமா. மெதுவா முட்டியை மடக்கு. நான் இறங்கிக்கறேன்."

மடக்கினேன். அவள் பத்திரமாகக் காலூன்றி இறங்கிவிட்டாள். மடங்கிய என் முழங்கால் அதோடு நிற்கவில்லை. அப்படியே நெடுஞ்சாண்கிடையாக, மாப்பிள்ளையின் மாமா காலடியில்.

அவர் பதறிப்போனார். "அபசாரம், அபசாரம்! ஒரு சின்ன விளையாட்டுக்கு இப்படி சேவிச்சு மன்னிப்புக் கேக்கறதாவது!" என்று மாப்பிள்ளையை இறக்கிவிட்டார். எங்களில் ஒருவர் இப்படிக் கீழே விழுந்து சேவித்தால் எதிரில் இருப்பவரும் பதிலுக்குச் சேவிக்க வேண்டும். அவரும் எனக்கெதிரே விழுந்தார். எழுந்து பார்த்தார், நான் இன்னும் தரையிலேயே இருந்தேன். என் பணிவு அவருடையதைவிடப் பெரிது என்று நினைத்து மறுபடியும் விழுந்தார். என்னால் எழுந்திருக்க முடியவில்லை என்பதை அந்த நல்ல மனுஷனிடம் எப்படிச் சொல்வது? நாலாவது தடவை அவர் விழும்போது, ரஞ்சனியும் மாப்பிள்ளையும் தரையில் நின்றபடி தாங்களே மாலை மாற்றிக்கொண்டுவிட்டார்கள்.

அவர் இன்றைக்கும் ஸ்ரீரங்கம் முழுக்க, "அந்த மாதிரி விநயம் இந்தக் காலத்துல யாருக்கு வரும்?" என்று என்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கிறார். மறுப்பதற்கு எனக்கு மனம் வரவில்லை. வீட்டில் இப்போதெல்லாம் நான் எழுந்து நின்றாலே யாராவது ஒருவர், "மாமா, ஏதாவது அசையாததைப் பாருங்கோ" என்பார்கள்.

அதுகூடப் பரவாயில்லை. ரஞ்சனி இப்போது ஒரு பிசியோதெரபி கல்லூரியில் பாடம் எடுக்கிறாள். போன வாரம் ஸ்ரீரங்கம் பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டிருந்தேன். முன்பின் தெரியாத ஒரு பெண் என்னை உற்றுப் பார்த்துவிட்டு, பதறி எழுந்து இடம் கொடுத்தாள்.

"வேண்டாம்மா, எனக்கு ஒண்ணும் அவ்வளவு வயசாகலை" என்றேன்.

"வயசுக்காக இல்லைங்க சார். உங்க வீடியோவை எங்க மேடம் வருஷா வருஷம் வகுப்புல போட்டுக் காட்டுறாங்க. பரீட்சையில அஞ்சு மார்க் கேள்வி சார் நீங்க. தயவுசெஞ்சு உக்காருங்க."

உட்கார்ந்துவிட்டேன்.