பொட்டலத்தைத் திருப்பிப் பார்ப்பவர்

கடைக்குப் போகிறவர்களில் ஒரு தனி இனம் உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள். அலமாரிகளுக்கு நடுவே, வருகிற போகிற தள்ளுவண்டிகளை எல்லாம் வழிமறித்துக்கொண்டு, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, ஒரு பிஸ்கட் பொட்டலத்தைக் குப்புறக் கவிழ்த்து உள்ளங்கையில் ஏந்தி நின்றுகொண்டிருப்பார். முன்பக்கம் அவருக்கு ஒரு பொருட்டே அல்ல. முன்பக்கம் ஏமாளிகளுக்கு. உண்மை என்பது பின்பக்கத்தில், எறும்புக்கும் கண்ணாடி தேவைப்படுகிற எழுத்தில்தான் இருக்கும் என்பது அவருடைய மதம். இந்த இனத்துக்குத் திருப்பிப் பார்ப்பவர் என்று பெயர் வைத்துக்கொள்வோம். படித்து முடித்து, பெருமூச்சு விட்டு, பொட்டலத்தை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்புவார். வீட்டில் அப்புறம் என்ன நடக்கும்? எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். நடக்கும்.

நம் ஆசாமிக்கு இது பழக்கம் மட்டுமல்ல, பிழைப்பும்கூட. பொட்டலங்களுக்கு மேலுறை அச்சடிக்கும் ஓர் அச்சகத்தில் அவர் பிழை திருத்துகிறவர். இருமல் மருந்தின் மேலுறையையும் எலி மருந்தின் மேலுறையையும் ஒரே மேசையில் பக்கம் பக்கமாக வைத்துக்கொண்டு, புள்ளியும் கமாவும் அதனதன் இடத்தில் இருக்கின்றனவா என்று பார்ப்பது வேலை. அந்த வாசகங்களை எழுதுகிறவர்கள் எவ்வளவு அவசரக்காரர்கள், எதை எங்கே மாற்றிப் போடுவார்கள் என்பதெல்லாம் அவருக்கு நேரிலேயே தெரியும். அப்படிப்பட்டவர் அச்சில் வந்த எதையும் நம்பக் கூடாது அல்லவா? ஆனால் வீட்டுக்கு வந்துவிட்டால், அச்சில் வந்ததைத் தவிர வேறு எதையும் நம்ப மாட்டார்.

இந்த வீட்டுக்குள்தான் முயல் வந்தது. மகளின் தோழி குடும்பம் வேறு ஊருக்குப் போனபோது, வளர்ந்த சாம்பல் நிற முயல் ஒன்றை அவளிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள். கண்ணைப் பாதி மூடிக்கொண்டு எல்லோரையும் அதிருப்தியோடு பார்த்ததால் மகள் அதற்கு மேனேஜர் என்று பெயர் வைத்தாள். தினமும் ஒரு மேனேஜரைப் பார்த்து வருகிற அப்பாவும் பெயர் பொருத்தம்தான் என்று ஒப்புக்கொண்டார்.

மனைவி கேரட் நறுக்க உட்கார்ந்தாள். அவ்வளவுதான், தொடங்கியது பிரசங்கம். கேரட் முயலுக்கு மிட்டாய் மாதிரி, எப்போதாவது ஒரு துண்டு போதும். முயலின் வயிற்றுக்கு வேண்டியது நாள் முழுக்கக் கொறிக்க உலர்புல். வைக்கோல் வேறு, உலர்புல் வேறு; இரண்டையும் குழப்பக் கூடாது. குதிரைமசால் தழை குட்டிகளுக்கு ஆகும், வளர்ந்த முயலுக்குச் சுண்ணாம்புச் சத்து அதிகமாகிவிடும். பெல்லட் என்கிற குச்சித் தீவனம் தொட்டுக்கொள்ள மட்டும். அதிலும் நார்ச்சத்து மிகுந்து இருக்க வேண்டும், கலர் கலராகத் துண்டு கலந்திருந்தால் தொடவே கூடாது. இதையெல்லாம் அவர் சோற்றில் கை வைத்தபடியே சொன்னார், குழம்பு ஆறிப்போயிற்று. சொன்னதில் ஒன்றுகூடத் தப்பில்லை. இந்த இனத்தின் துரதிர்ஷ்டமே அதுதான், அவர்கள் சொல்வதில் தப்பே இருக்காது.

தப்பு செய்வதில்தான் இருந்தது. முதலில் ஒரு பெல்லட் வாங்கினார். நல்ல சரக்கு, ஆனால் விலை கையைக் கடித்தது. பத்து நாள் போவதற்குள் அதைவிட மலிவாக ஒன்று கண்ணில் பட்டது. பெல்லட்டை மாற்றுவதாக இருந்தால் பழையதோடு புதியதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து மாற்றவும் என்று எல்லாப் பொட்டலத்திலும் போட்டிருக்கும். சட்டத்தை மீறுகிறவரா அவர்? கலந்தார். கலந்து முடிவதற்குள் இரண்டாவதில் வெல்லப்பாகு இருப்பதைக் கண்டுபிடித்து, மூன்றாவதைக் கலக்க ஆரம்பித்தார். மூன்றாவது பாதி வழியில் இருக்கும்போதே நான்காவது தள்ளுபடியில் வந்தது. இப்படியாக, ஒவ்வொரு முறையும் விதிப்படி படிப்படியாக மாற்றியதில், மேனேஜரின் கிண்ணத்தில் என்றைக்குமே ஒரே தீவனம் இருந்ததில்லை.

உலர்புல்லிலும் அதே கெட்டிக்காரத்தனம். மொத்தமாக வாங்கினால் மலிவு என்று பீரோ உயரத்துக்கு ஒரு மூட்டையை வரவழைத்தார். மூட்டையின் முதுகில் முதல் தரம் என்று அச்சாகியிருந்தது, ஓர் எழுத்துப்பிழைகூட இல்லை. மூட்டையைப் பிரித்ததும் மனைவி முகத்தைச் சுளித்தாள்.

"ஏங்க, மழையில நனைஞ்ச மிதியடி மாதிரி வாடை வருதே."

வாடையைப் பற்றி மேலுறையில் எதுவும் போடவில்லை என்றார் அவர்.

அந்த மூட்டைப் புல்லை மேனேஜர் முகர்ந்துவிட்டுத் திரும்பி உட்கார்ந்தது. உண்மையான மேனேஜரும் அப்படித்தான் உட்காருவார் என்று வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். அடுத்த வாரம் அச்சகத்துக்கு விடுமுறையான ஒரு நாள் காலையில் மகள் வந்து சொன்னபோது யாரும் சிரிக்கவில்லை.

"அப்பா, நேத்து சாயங்காலத்துலேர்ந்து அது எதையும் வாயில வைக்கல. புழுக்கையும் போடல."

முயல் சாப்பிடாமல் அரை நாள் கிடந்தாலே ஆபத்து என்பதும் அவர் படித்ததுதான். படித்திருந்ததால் பயம் இரட்டிப்பாக வந்தது. ஒரு கையில் முயல் கூடை, இன்னொரு கையில் ஒரு பை நிறையத் தீவனப் பொட்டலங்களும் கொஞ்சம் மூட்டைப் புல்லும், பின்னால் அழுகிற மகள் என்று கால்நடை மருத்துவரிடம் ஓடினார்.

டாக்டரம்மா முயலின் வயிற்றை அமுக்கிப் பார்த்தார். என்ன கொடுக்கிறீர்கள் என்று ஒரு வார்த்தைதான் கேட்டார். நம் ஆசாமி பொட்டலங்களை மேசையில் வரிசையாகக் குப்புற அடுக்கி, ஒவ்வொன்றின் நார்ச்சத்து, சுண்ணாம்புச் சத்து, இதை விட்டு அதற்கு மாறிய காரணம் என்று ஒப்பிக்கத் தொடங்கினார். டாக்டரம்மா காதில் வாங்கிக்கொண்டே பையின் அடியிலிருந்து ஒரு பிடி புல்லை எடுத்து மூக்கருகே கொண்டுபோனார். சட்டென்று கையை விலக்கிக்கொண்டார்.

"இதை நீங்க மோந்து பாத்தீங்களா?"

"இல்ல டாக்டர்," என்றார் அவர். "படிச்சுப் பாத்தேன்."

தன் வாயிலிருந்து வந்த பதில் தன் காதிலேயே விழுந்தபோது அவருக்குக் கூசியது. அச்சகத்தில் இப்படி ஒரு வாக்கியம் வந்திருந்தால் சிவப்பு மையால் சுழித்திருப்பார்.

டாக்டரம்மா திட்டவில்லை. ஊசி போட்டார், கரைத்து வாயில் விட ஒரு பொடி கொடுத்தார். புல்லில் பூஞ்சை ஏறிவிட்டது, அதைத் தூக்கி எறியுங்கள் என்றார்.

"மலிவாவே வாங்குங்க, அதுல தப்பில்ல. பச்சையா இருக்கணும், நல்ல வாசனை வரணும், தூசி பறக்கக் கூடாது. பெல்லட்டும் அப்படித்தான். ஒண்ணை வாங்கினா அதுலயே நில்லுங்க. இன்னைக்கு இது சாப்பிட்டு, புழுக்கை போட்டாத்தான் பொழைச்சுதுன்னு அர்த்தம்."

வீடு திரும்பியபோது மனைவி தெருமுனைக் கடையிலிருந்து புது உலர்புல் வாங்கி வைத்திருந்தாள். சும்மா ஒரு வெள்ளைப் பையில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். பழக்க தோஷம், அவர் பையைத் திருப்பினார். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. முன்பக்கத்திலும் ஒன்றுமில்லை. ஓர் எழுத்துகூட அச்சாகாத பையைக் கையில் வைத்துக்கொண்டு அவர் தவித்த தவிப்பை என்னவென்று சொல்ல?

படிக்க ஒன்றும் இல்லாததால், வேறு வழியின்றி முயலைப் பார்த்தார். அது வந்த நாளிலிருந்து அதை அவர் சரியாகப் பார்த்ததே இல்லை. இடது காதில் ஒரு சின்ன மடிப்பு இருந்தது. மகள் பொடியைக் கரைத்து அதன் வாயோரம் விட்டாள். அவர் தரையில் மண்டியிட்டு, ஒரு புல்லை எடுத்து, முதலில் தானே முகர்ந்து, பிறகு நீட்டினார். மேனேஜர் கண்டுகொள்ளவில்லை. அவர் கையை எடுக்கவும் இல்லை. வெயில் சாய்ந்து, முழங்கால் மரத்துப்போய், இனி அவ்வளவுதான் என்று நினைத்தபோது, அந்த மூக்கு இரண்டு தரம் துடித்தது. புல்லின் நுனி உள்ளே போனது. பென்சில் சீவுவது போல அது கரகரவென்று குறைந்துகொண்டே வந்தது. மகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்திருந்தாள். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

விளக்கு வைக்கும் நேரத்தில் அவர் சமையலறைக்கு ஓடிவந்தார். உள்ளங்கையில் எதையோ தங்கம் மாதிரி ஏந்திக்கொண்டு, பார் பார் என்று மனைவியிடம் நீட்டினார். புழுக்கை. அவள் பார்த்தாள், சந்தோஷப்பட்டாள், அடுப்புப் பக்கம் கையைக் கொண்டுவராதீர்கள் என்றும் சொன்னாள்.

திருந்திவிட்டாரா? மேனேஜர் இப்போது ஒரே பெல்லட், ஒரே புல் என்று கொழுகொழுவென்று இருக்கிறது. இவர்தான் தெருமுனைக் கடைக்காரரிடம், பையில் ஒரு மேலுறை ஒட்டினால் நன்றாக இருக்குமே, வாசகங்களை இலவசமாகப் பிழை திருத்தித் தருகிறேன் என்று சொல்லி வைத்திருக்கிறாராம். எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள் என்று முன்பே சொல்லிவிட்டேன்.

பாவம் அந்த மனிதர் என்று நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் இந்தப் புத்தகத்தைக் கடையில் கையில் எடுத்ததும் முதலில் என்ன செய்தீர்கள்? திருப்பிப் பின்னட்டையைத்தானே படித்தீர்கள்? படித்துவிட்டு, அதை நம்பி, வாங்கியும் விட்டீர்களே. ஒரு பக்கத்தையாவது முகர்ந்து பார்த்தீர்களா?