நீராவி வண்டிக்கு ஒரு வயிற்றுவலி

ஞாயிற்றுக்கிழமை காலையில் தனக்கு வயிற்றுவலி வரவேண்டும் என்று வெங்கிடாசலம் வெள்ளிக்கிழமை சாயங்காலமே தீர்மானித்துவிட்டார்.

அவர் மனைவி பாக்கியலக்ஷ்மி அப்போதுதான் சாயாவை வைத்துவிட்டுச் சொல்லியிருந்தாள்: "ஞாயித்துக்கிழமை வேற சோலி ஒண்ணும் வச்சுக்காதீங்க. எர்ணாகுளத்துல பேச்சியக்கா மகளுக்கு நிச்சயம். ஒம்பது மணிக்கெல்லாம் வீட்டை விட்டு எறங்கணும்."

"நிச்சயமா? திடீர்னு எப்படி?"

"நிச்சயம்னா திடீர்னுதான் வரும். நல்ல சட்டையா ஒண்ணு இஸ்திரி போட்டு வச்சிருக்கேன்."

வெங்கிடாசலத்துக்குச் சாயா இறங்கவில்லை. அதே ஞாயிற்றுக்கிழமை, பத்தரை மணிக்கு, எர்ணாகுளத்திலிருந்து ஹார்பர் டெர்மினஸுக்கு ஒரு பழைய நீராவி எஞ்சின் ஐந்து பெட்டிகளை இழுத்துக்கொண்டு வரப்போகிறது. ஒரே ஒரு நாள், ஒரே ஒரு ஓட்டம். தான் குடியிருக்கும் மட்டாஞ்சேரிக்கு இவ்வளவு பக்கத்தில் இனி எப்போது வருமோ? அதைப் படம் பிடிக்கவேண்டும் என்று ஒரு மாதமாக அவர் நெஞ்சுக்குள் புகை மூட்டிக்கொண்டிருந்தது.

பள்ளுருத்தியில் ஒரு பம்பு ஹவுஸில் ஆபரேட்டர் வேலை அவருக்கு. எஞ்சின் என்றால் அவருக்கு நீராவி எஞ்சின் ஒன்றுதான். டீசல் எஞ்சினை "ஓடுற அலமாரி" என்பார். மின்சார எஞ்சினைப் பற்றிப் பேசவே மாட்டார்.

ஆசையை மனைவியிடம் சொல்லிவிட்டுப் போகலாமே என்றால், அதற்கு வழியில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் மச்சினன் புதுவீட்டுப் பால்காய்ச்சு அன்று மனிதர் மேட்டுப்பாளையத்தில் மலைரயிலைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். பந்தி முடிந்து இலையெல்லாம் எடுத்தபிறகு, முகமெல்லாம் கரியோடு வந்து சேர்ந்தார். பாக்கியலக்ஷ்மி பதினோரு நாள் பேசவில்லை. பன்னிரண்டாம் நாள் பகவதி சன்னதியில் சத்தியம் செய்தார்: "இனிமே ரயில் பக்கம் தலைவச்சுப் படுக்கமாட்டேன்." பக்கத்தில் நின்ற பூசாரி திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

ஆகவே, வயிற்றுவலி.

நம்பும்படியாக இருக்கவேண்டுமே என்று சனிக்கிழமை காலையிலேயே ஆரம்பித்தார். அன்று கரிமீன் குழம்பு. ஒரு வாய் வைத்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். பாக்கியலக்ஷ்மி அவசரமாகக் குழம்புச் சட்டியை மூடிவைத்துவிட்டு, சுக்கும் ஓமமும் தட்டிப்போட்டுக் கஷாயம் வைத்து, மூக்கைப் பிடித்து ஊற்றினாள்.

"நாளைக்கு நீ மட்டும் போயிட்டு வா பாக்கியம். நான் எப்படியோ கெடந்துக்கிறேன்," என்று முனகினார்.

"நல்லா இருக்கே! உங்களை இப்படி விட்டுட்டு நான் எங்கே போவேன்? நாளைக்குப் பூரா நான் இங்கே, இந்தக் கட்டில் பக்கத்திலதான்."

வெங்கிடாசலத்துக்கு அரைமணி நேரத்தில் குணமாகிவிட்டது.

"கஷாயம் கேட்டிருச்சு!" என்று அவள் பூரித்துப்போனாள். "அப்ப நாளைக்கு நிச்சயத்துக்கு ரெண்டு பேருமாப் போயிரலாம்."

கரிமீனும் போய், காரணமும் போய், அவர் கொச்சங்காடிக்கு நடந்தார். அங்கே ஷாஜியின் வீடியோ ஸ்டூடியோ. கல்யாணம், காதுகுத்து எல்லாவற்றுக்கும் ஷாஜிதான். அவனுடைய ஹேண்டிகேமைத்தான் இவர் ஞாயிற்றுக்கிழமைக்குச் சொல்லிவைத்திருந்தார். பாக்கியலக்ஷ்மியிடம் எதையும் மறைக்காத, ஷாஜியின் மனைவி பிந்து வைப்பினில் அம்மா வீட்டுக்குப் போய் ஒரு வாரமாகிறது. ஆகவே கடையில் தைரியமாகச் சதி பேச முடிந்தது.

"சேட்டா, இதுக்குப் போயி விசனப்படுறீங்களே," என்றான் ஷாஜி. "ராத்திரி ஏழு மணிக்கு நான் உங்க ஓவர்சியர் மாதிரி போன் பண்றேன். பம்பு கேடு வந்துபோச்சு, வெங்கிடாசலம் நாளைக்கு வந்தே தீரணும்னு கட்டாயமாச் சொல்றேன். சேச்சிகிட்டயே சொல்றேன். தீர்ந்தில்லே?"

ஏழு மணிக்குச் சரியாகப் போன் அடித்தது. வெங்கிடாசலம் குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு கதவில் காதை வைத்தார்.

"சார்... ஆமா சார்... அய்யோ, நாளைக்கா?" பாக்கியலக்ஷ்மியின் குரல் தழுதழுத்தது. "சார், நாளைக்கு ஒரு நாள் மட்டும் அவரை விட்ருங்க சார். ஒரு மாசமா நெனச்சு வச்சிருக்கேன். நானா இதுவரைக்கும் உங்ககிட்ட ஒண்ணு கேட்டதுண்டா?... ரொம்ப நன்றி சார். பகவதி உங்க பிள்ளைகளை நல்லா வைக்கட்டும்."

வெங்கிடாசலம் சோப்பு நுரையோடு வெளியே வந்தார்.

"உங்க ஓவர்சியர் தங்கமான மனுஷன்," என்றாள் அவள். "நாளைக்கு லீவு குடுத்துட்டார்."

தன்னுடைய மேலதிகாரியே அல்லாத ஒருவன், கேட்காத லீவைக் கொடுத்து, தன்னை மாட்டிவிட்டதை நினைத்து அவருக்குத் தலை சுற்றியது. இனி ஒரே வழி. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நிமிர்ந்து நின்றார்.

"அவர் லீவு குடுக்கலாம் பாக்கியம். என் மனசாட்சி குடுக்கணுமே? பள்ளுருத்தியில அத்தனை குடும்பம் குடத்தை வச்சுக்கிட்டு நிக்கும்போது, நான் பந்தியில உக்காந்து பாயசம் குடிக்கவா?"

அவள் அவரையே பார்த்தாள். "இருபத்திநாலு வருஷத்துல ஒரு நாளும் இல்லாத மனசாட்சி. எனக்காக ஒரு நாள் வரக்கூடாதா?"

"அடுத்த தடவை கண்டிப்பா."

"அடுத்த தடவைன்னு ஒண்ணு உண்டோ என்னவோ," என்று சொல்லிவிட்டு, இஸ்திரி போட்ட சட்டையை எடுத்து அலமாரியில் திரும்ப வைத்தாள். வெங்கிடாசலத்துக்கு ஒரு கணம், எல்லாவற்றையும் சொல்லிவிடலாமா என்றிருந்தது. பிறகு எஞ்சினின் சக்கரங்கள் நினைவுக்கு வந்தன.

ஞாயிறு காலை டூட்டிக்குப் போவதாகச் சொன்னதால் காக்கிச் சட்டையைத்தான் போடவேண்டியிருந்தது. கோபத்திலும் பாக்கியலக்ஷ்மி சோறு கட்டிக்கொடுத்திருந்தாள். ஒரு கையில் தூக்குவாளி, தோளில் ஷாஜியின் காமிராப்பை.

"ராத்திரி என்னடா செய்துவச்சே?" என்று பையை வாங்கும்போதே ஷாஜியைக் கேட்டிருந்தார்.

"சேச்சி அழுறாப்போல கேட்டாங்க சேட்டா. எனக்கு மனசு தாங்கல."

வாத்துருத்தி ரயில்வே கேட்டில் ஊரே திரண்டிருந்தது. குடைகள், தோளில் ஏறிய குழந்தைகள், கடலை வியாபாரம். வெங்கிடாசலம் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் ஒரு நல்ல மேட்டைப் பிடித்தார். பிடித்த ஐந்தாவது நிமிஷம் ஒருவர் கேட்டார்: "சாரே, வண்டி எப்ப வரும்?"

"பத்தரைக்கு," என்றார் இவர், தெரிந்ததால்.

அதோடு தொலைந்தது. காக்கிச் சட்டை, வண்டி வரும் மணியும் தெரிகிறது. ஆள் ரயில்வேதான் என்று முடிவாகிவிட்டது. கழிப்பறை எங்கே, திரும்பி எப்போது போகும், எஞ்சினுக்குத் தண்ணீர் எங்கே நிரப்புவார்கள் என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். கடைசிக் கேள்விக்கு மட்டும் அவர் ஆசையாகப் பத்து நிமிஷம் பதில் சொன்னார். சொல்லிவிட்டு நிமிர்ந்தால், முன்னால் மூன்று வரிசை ஆட்கள்.

"ஒதுங்கு! பின்னால போ!" என்று அதிகாரமாகக் கத்தினார். கூட்டம் மரியாதையாக ஒதுங்கியது. வேலை செய்கிறதே என்று அவர் மகிழ்வதற்குள் ரயில்வே போலீஸ்காரர் ஒருவர் ஓடிவந்தார்.

"நல்ல நேரத்துல வந்தீங்க. எனக்கு ஆள் பத்தல. இந்தக் கயிறைப் பிடிங்க. வண்டி போற வரைக்கும் விடக்கூடாது, கேட்டீங்களா?"

மறுக்க வாயெடுக்குமுன் கயிறு கைக்கு வந்துவிட்டது. இடது கையில் கயிறு, முழங்கையில் தூக்குவாளி, வலது கையில் காமிரா. பின்னால் ஒரு நூறு பேர் கயிற்றை முட்டித் தள்ள, தேர் வடம் பிடித்தவர்போல அவர் முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தார்.

அப்போது விசில் கேட்டது.

ரயில் பாலத்தின் பக்கமிருந்து முதலில் புகை வந்தது. பிறகு கறுப்பாக, எண்ணெய் மினுங்க, நீராவியை இரண்டு பக்கமும் சீறிக்கொண்டு எஞ்சின். தரை அதிர்ந்து அது உள்ளங்காலில் ஏறியது. வெங்கிடாசலத்துக்குக் கண் நிறைந்துவிட்டது. கயிறு, கூட்டம், பொய் எல்லாம் மறந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு காமிராவைச் சக்கரத்தின்மேல் நிறுத்தினார். என்ன படம்! இப்படி ஒரு படம் அவர் வாழ்நாளில் எடுத்ததில்லை.

எஞ்சின் கடந்தது. முதல் பெட்டி, இரண்டாம் பெட்டி. மூன்றாம் பெட்டியின் ஜன்னலிலிருந்து, புகைக்குப் பயந்து முகத்தில் துணி சுற்றிய ஒரு பெண்பிள்ளை பாதி உடம்பை வெளியே நீட்டி, நேராகக் காமிராவைப் பார்த்துக் கையை ஆட்டு ஆட்டென்று ஆட்டினாள். எஞ்சினின் பின்னழகு முழுக்க அந்தக் கைக்குப் பின்னால் மறைந்துபோனது.

"ஏய், கையை உள்ள இழு!" என்று தொண்டை கிழியக் கத்தினார் வெங்கிடாசலம். "சவமே! உன்னையெல்லாம் எவன் வண்டியில ஏத்துனான்?"

கை சட்டென்று உள்ளே போய்விட்டது.

மத்தியானம் ஷாஜியின் ஸ்டூடியோவில் டேப்பை டி.வி.யில் போட்டுப் பார்த்தார்கள். தூக்குவாளிச் சோற்றை இருவருமாகப் பங்குபோட்டுத் தின்றுகொண்டே பார்த்தார்கள். எஞ்சின் வரும் காட்சிக்கு ஷாஜி எழுந்து நின்று கைதட்டினான்.

"இனிமேதான் இருக்கு கூத்து," என்று கடுகடுத்தார் வெங்கிடாசலம். "பாரு, ஒரு மூதேவி எப்படிக் கெடுத்துட்டாள்னு."

டி.வி.க்குள்ளிருந்து அவர் குரலே "சவமே!" என்று முழங்கியது. ஷாஜிக்குச் சிரிப்பில் புரையேறியது. திருப்பிப் போட்டான். மறுபடி "சவமே!" மூன்றாவது தடவை, அந்தக் கை நன்றாகத் தெரிகிற இடத்தில் படத்தை நிறுத்திவைத்தான்.

அந்த நேரம் பார்த்து, வைப்பினிலிருந்து படகில் வந்து இறங்கிய பிந்து பையோடு உள்ளே நுழைந்தாள். வெங்கிடாசலத்தைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு. பிறகு டி.வி.யைப் பார்த்தாள். கிட்டே போய்க் குனிந்து இன்னொரு தடவை பார்த்தாள்.

"இது பாக்கியம் சேச்சியல்லே? இந்தச் சேலை நானும் கூடப் போயி எடுத்ததாச்சே. உங்ககிட்ட நிச்சயம்னு பொய் சொல்லி இந்த வண்டியில ஏத்திரணும்னு, ஒரு மாசம் முன்னாடி என்னையும் கூட்டிட்டுப் போயி க்யூவில நின்னு ரெண்டு டிக்கெட் எடுத்தாங்களே சேட்டா, பின்னே நீங்க எதுக்கு வெளியில நின்னீங்க?"